சர்வதேச மனித உரிமை அமைப்புகளும் வன்னிக் குடும்பங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் இளையவர்களும் வெளிநாட்டில் இருக்கும் உறவினரும் கேட்பவையும் இதில் உண்டு. வழக்குப் போடுவதென்றால் சட்டத்தரணியிடம்தான் போக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்யக்கூடியவற்றையே இங்கே எழுதியிருக்கிறோம்.

ஐ.நா., ஐ.சி.ஆர்.சி., அம்னெஸ்டி எல்லாம் ஒன்றுதானே? ஒன்றில் பதிந்தால் போதாதா?

போதாது. வன்னியில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். "2009 இலேயே ஐ.சி.ஆர்.சி.யில் பதிந்துவிட்டேன், ஜெனீவாவில் என் மகனின் பெயர் இருக்கிறது" என்று பல தாய்மார் இன்றும் நம்பியிருக்கிறார்கள். ஐ.சி.ஆர்.சி. என்பது 1863 இல் தொடங்கிய செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு. இலங்கையில் 1989 முதல் வேலை செய்கிறது. ஆளைத் தேடுவது, சிறையில் பார்ப்பது, குடும்பத்துக்குச் செய்தி சேர்ப்பது அதன் வேலை. போர் நடக்கும் இடத்துக்குள் எல்லாத் தரப்பும் அதை அனுமதிப்பதற்குக் காரணம், கேட்டதையும் கண்டதையும் அது வெளியில் சொல்லாது என்பதே. 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரைக் கப்பலில் ஏற்றியதும் அந்த நிபந்தனையின் பேரில்தான். ஆகவே அங்கே கொடுத்த விபரம் நீதிமன்றத்துக்கும் போகாது, மனித உரிமைகள் பேரவைக்கும் போகாது.

அம்னெஸ்டி இன்டர்நஷனல் 1961 இல் லண்டனில் தொடங்கியது. ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் 1978 இல் நியூயோர்க்கில் தொடங்கியது. இவை தாமாக ஆராய்ந்து, அறிக்கை வெளியிட்டு, அரசுகள் மீது அழுத்தம் கொடுப்பவை. எல்லோருடைய பெயரையும் பதிந்து வைக்கும் அலுவலகங்கள் அல்ல. ஒரு அறிக்கைக்குச் சில டசின் பேரின் சாட்சியத்தைத் தெரிந்தெடுப்பார்கள். உங்கள் வீட்டுச் சம்பவம் அதில் வரவில்லை என்றால் அதைப் பொய் என்று நினைத்தார்கள் என்று பொருளல்ல.

ஐ.நா.வுக்குள்ளேயே பல வாசல்கள் இருக்கின்றன. 47 நாடுகள் உட்கார்ந்து வாக்களிக்கும் மனித உரிமைகள் பேரவை ஒன்று. தகவல் திரட்டும் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகம் இன்னொன்று. தனித்தனி ஆளின் பெயரில் அரசிடம் கேள்வி கேட்பது, 1980 இல் அமைக்கப்பட்ட, வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழு. ஒரு குடும்பம் தானே நேரடியாகப் போகக்கூடிய வாசல் பெரும்பாலும் இந்தச் செயற்குழுதான். இதற்குப் பின் "செயற்குழு" என்று நாங்கள் சொல்வது இதையே.

இவர்களால் உண்மையில் என்ன செய்ய முடியும்?

யாரையும் கைது செய்ய முடியாது. முகாமுக்குள் புகுந்து தேட முடியாது. தண்டனை கொடுக்க முடியாது. இலங்கை ரோம் சாசனத்தில் சேராத நாடு. ஆகவே ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பி வைத்தாலன்றி, இங்கே நடந்ததை ஹேக் நகரிலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தொடவும் முடியாது. இதைச் சொல்லாமல் நம்பிக்கை மட்டும் கொடுப்பவரிடம் கவனமாக இருங்கள்.

நம்பிக்கையீனத்துக்கும் காரணம் இருக்கிறது. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் வெளியேறச் சொன்னபோது, மக்கள் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் நின்று போக வேண்டாம் என்று கேட்டும் ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள். ஐ.நா. கடமையில் தவறியது என்று 2012 நவம்பரில் வெளியான அதன் சொந்த உள்ளக மீளாய்வே சொன்னது. அந்தக் கோபம் நியாயமானது. அதை மறக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அதற்குப் பின் நடந்தவற்றையும் பார்க்க வேண்டும். 2014 மார்ச்சில் பேரவை ஒரு விசாரணையை அமைத்தது. 2002 பெப்ரவரி முதல் 2011 நவம்பர் வரையான காலத்தை, இரண்டு தரப்பையும் சேர்த்து ஆராய்ந்த அதன் அறிக்கை 2015 செப்டெம்பரில் வந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய 46/1 தீர்மானத்தின்படி, சான்றுகளைச் சேகரித்து, ஆராய்ந்து, பாதுகாக்கும் தனிப் பிரிவு ஒன்று உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குள் உருவானது. அதன் ஆணை 2022, 2024, 2025 ஆம் ஆண்டுகளில் நீடிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் கனடா, முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் உட்பட நால்வர் மீது தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியா, முன்னாள் படைத் தளபதிகளான சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் ஆகிய நால்வர் மீது தடை விதித்தது. தடை என்பது நீதி அல்ல. ஆனால் வெளிநாட்டு அதிகாரி ஒருவர் இப்படியான முடிவில் கையெழுத்திடும் முன் கேட்பது பெயர், இடம், நாள், சாட்சி. அந்த நான்கும் வன்னியிலிருந்துதான் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் மிச்சம் எழுதியிருப்பதெல்லாம் அந்த நான்கையும் பிழையில்லாமல் வைத்திருப்பது பற்றியது.

எங்கே முதலில் பதிய வேண்டும்?

இன்று நேற்று நடந்த சம்பவமென்றால் பொலிஸ், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு, செயற்குழு மூன்றுக்கும் ஒரே நாளில் போக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் என்றால் செயற்குழு அதை அவசர நடைமுறையில் எடுக்கும். பிந்தினால் சாதாரண நடைமுறைக்குப் போய்விடும், காலம் இழுபடும். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ளன. அவசரத் தொலைபேசி இலக்கம் 1996.

பொலிஸ் முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் வாக்குவாதப்பட்டு நிற்க வேண்டாம். அதே முறைப்பாட்டைக் கையால் எழுதி, மறுக்கப்பட்ட திகதி, நேரம், நிலையத்தின் பெயர் போட்டு, பொலிஸ்மா அதிபருக்கும் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கடிதத்தின் பிரதியோடு தைத்து வையுங்கள். பின்னாளில் "யாரும் முறையிடவில்லை" என்ற பதிலுக்கு அந்தச் சின்னத் துண்டுதான் மறுமொழி.

2009 இறுதிப் போர்ச் சம்பவங்களுக்குக் காலக்கெடு இல்லை. எத்தனை ஆண்டு போனாலும் செயற்குழு எடுக்கும். காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தின் கீழ் இன்னொரு குழு இருக்கிறது. இலங்கை அந்தச் சமவாயத்தை 2016 மே மாதத்தில்தான் ஏற்றது. அதற்கு முன் தொடங்கிய சம்பவங்களை அந்தக் குழு எடுப்பதில்லை. பலர் தெரியாமல் அங்கே அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஓ.எம்.பி.க்குப் போகாவிட்டால் ஐ.நா. எடுக்காதா?

எடுக்கும். 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போனோர் அலுவலகத்தில் (ஓ.எம்.பி.) பதிவது செயற்குழுவுக்கு ஒரு நிபந்தனை அல்ல. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய குடும்பங்கள் அந்த அலுவலகத்தை ஏற்கவில்லை. வேறு சில குடும்பங்கள் போய்ப் பதிந்திருக்கின்றன. இரண்டும் குடும்பத்தின் முடிவு. போனவரைத் துரோகி என்றோ, போகாதவரைப் பிடிவாதக்காரர் என்றோ சொல்லும் பேச்சால் குடும்பங்கள் பிரிந்ததைத் தவிர வேறு பலன் எதுவும் வரவில்லை.

செயற்குழுவின் படிவத்தில் கட்டாயமாக என்ன வேண்டும்?

ஆறு விபரம் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவரின் முழுப்பெயர். நாள், மாதம், ஆண்டு. கொண்டுபோன அல்லது கடைசியாகக் கண்ட இடம். யார் கொண்டுபோனார்கள் என்று நம்புகிறீர்கள். தேட எடுத்த நடவடிக்கைகள். அனுப்புபவரின் பெயரும் தொடர்பும். குடும்பத்தவர் அல்லாத ஒருவர் அனுப்பினால் குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

"யார்" என்ற இடத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். "ஆமி" என்று ஒரு சொல் மட்டும் எழுதுவார்கள். கண்டதை எழுதுங்கள்: சீருடையின் நிறம், தொப்பி, தோளிலிருந்த அடையாளம், வாகனத்தின் வகை, பஸ்ஸென்றால் எந்த டிப்போவின் பெயர் எழுதியிருந்தது, ஒலிபெருக்கியில் அறிவித்தவர் எந்த மொழியில் பேசினார், பெயர் பதிந்தவர் மேசையில் கொப்பி வைத்திருந்தாரா. படைப்பிரிவின் இலக்கம் பிறகு பத்திரிகையில் படித்தது என்றால் அதைச் சாட்சியத்துக்குள் கலக்காதீர்கள். "பின்னர் அறிந்தது" என்று வேறாக எழுதுங்கள். கண்டது, கேட்டது, நினைப்பது மூன்றும் தனித்தனிப் பந்தியில் இருந்தால் அந்தக் கூற்றை அசைப்பது கடினம்.

"தேடிய நடவடிக்கைகள்" என்ற பகுதியில் நீதிமன்றம், ஆணைக்குழு, பொலிஸ் எல்லாவற்றின் இலக்கங்களையும் கால ஒழுங்கில் எழுதுங்கள். 2010 இல் தொடங்கிய நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோர் பற்றி 2013 இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு ஆகியவற்றில் சாட்சியம் சொல்லியிருந்தால் எந்த மண்டபம், எந்த மாதம் என்பதாவது வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. செயற்குழு உங்கள் சம்பவத்தின் விபரத்தை அரசாங்கத்துக்கு அனுப்பித்தான் பதில் கேட்கிறது. அனுப்பியவரின் பெயரை மறைக்கச் சொன்னால் மறைப்பார்கள். ஆனால் கதைக்குள் "பக்கத்து வீட்டு இன்னார் கண்டார்" என்று எழுதினால் அந்தப் பெயர் அப்படியே போகக்கூடும். சாட்சியின் பெயர், ஊர், தொழில் எதையும் அவர் சம்மதமில்லாமல் எழுத வேண்டாம். "கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார், பாதுகாப்புக் கருதிப் பெயர் தரவில்லை" என்றால் போதும்.

திகதி ஞாபகமில்லை. என்ன செய்வது?

எல்லாரும் தெரிந்த நாட்களோடு ஒட்டவைத்துப் பாருங்கள். 2009 ஜனவரி 2 இல் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குப் போனது. ஜனவரி 21 இல் உடையார்கட்டு, சுதந்திரபுரம் பக்கம் முதலாவது பாதுகாப்பு வலயம் அறிவிக்கப்பட்டது. பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி புதுமாத்தளனுக்கு இடம்பெயர்ந்தது. பெப்ரவரி 12 இல் கரையோரத்தில் இரண்டாவது வலயம். சித்திரை வருசப்பிறப்புக்கு இரண்டு நாள் சண்டை நிறுத்தம் என்று அறிவித்தார்கள். ஏப்ரல் 20 இல் மண்ணணை உடைந்து மாத்தளனிலிருந்து பெருந்தொகையான சனம் ஒரே நாளில் வெளியேறியது. மே 8 இல் வலயம் இன்னும் சுருக்கப்பட்டது. மே 18 இல் போர் முடிந்தது.

"மாத்தளன் உடைஞ்சதுக்கு மூன்று நாள் முந்தி" என்று தாய் சொன்னால், படிவத்தில் "2009 ஏப்ரல் 17 அளவில்" என்று எழுதி, எப்படிக் கணித்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். தெரியாத நாளைத் தெரிந்ததுபோல் எழுதவே கூடாது. ஒரு ஆணைக்குழுவில் 16, இன்னொன்றில் 18, செயற்குழுவில் 17 என்று போனால், அந்த வித்தியாசத்தை வைத்தே முழுச் சாட்சியத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். முன்பு பிழையாகச் சொல்லியிருந்தால் மறைக்காமல், "முன்னர் இப்படிச் சொன்னேன், இந்தக் காரணத்தால் திருத்துகிறேன்" என்று எழுதுங்கள்.

இடமும் அப்படியே. "முள்ளிவாய்க்கால்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கையளித்தது வட்டுவாகல் பாலத்தின் எந்தப் பக்கம், முல்லைத்தீவுப் பக்கத்து வெளியிலா, ஓமந்தைச் சோதனைச் சாவடியிலா, செட்டிகுளம் முகாமின் எந்த வலயத்திலா என்பதில்தான் பொறுப்பாளி யார் என்பது தங்கியிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் பாலம், கடல், றோட்டு, பஸ் நின்ற இடம் எல்லாவற்றையும் கீறிக் காட்டுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. வடக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் குறியுங்கள்.

மகன் இயக்கத்தில் (விடுதலைப் புலிகள்) இருந்தவர். அதைச் சொன்னால் கேஸ் பலவீனமாகுமா?

ஆகாது. போராளியாக இருந்தவரையும் சரணடைந்த பிறகு காணாமல் ஆக்கக்கூடாது. சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது. 2009 மே 18 இல் சரணடைந்தவர்களின் உறவினர் போட்ட ஆட்கொணர்வு மனுக்களை வவுனியா மேல் நீதிமன்றம் விசாரித்தது. அவற்றில் ஒரு மனுவில், சரணடைந்தவரை முன்னிலைப்படுத்தும்படி 2022 டிசம்பரில் இராணுவத்துக்கு உத்தரவும் வந்தது. மறைத்துவிட்டுப் பிறகு வெளிவந்தால்தான் கேடு. இயக்கப் பெயர், இலக்கத் தகட்டின் எண், படையணி தெரிந்தால் குறித்து வையுங்கள். எலும்புக்கூடுகளை அடையாளம் காணும் வேலையில் தகட்டு எண் பெறுமதியானது.

இயக்கம் பிடித்துக்கொண்டுபோன பிள்ளை திரும்பவில்லை என்றால் அதையும் அப்படியே எழுதலாம். எழுத வேண்டும். அந்தப் பெற்றோருக்கும் அதே உரிமைதான்.

பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்களிலேயே, ஒரு எழுத்தும் மாற்றாமல். "குகன்" போன்ற பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால் ஒரே ஆள் மூன்று பேராகப் பதியப்பட்டிருப்பார், அல்லது இரண்டு ஆட்கள் ஒருவராகச் சேர்க்கப்பட்டிருப்பார்கள். அட்டை தொலைந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டு வாங்கலாம். தகப்பனின் பெயரை முதலெழுத்தாக மட்டும் விடாமல் முழுதாக எழுதுங்கள். வீட்டுப் பெயரைப் பக்கத்தில் வேறாகப் போடுங்கள்.

பழைய படங்கள், வீடியோக்கள் இருக்கின்றன. அனுப்பலாமா?

அனுப்பும் முன் பாதுகாக்க வேண்டும். பழைய போனின் மெமரி கார்ட், கமராவின் சின்னக் கசெட் எதையும் திரும்பப் பாவிக்க வேண்டாம். அப்படியே கழற்றி, கடித உறையில் போட்டு, யாருடையது, எப்போது, யார் எடுத்தது என்று உறையில் எழுதுங்கள். பிறகு கணினியில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ நம்பிக்கையான உறவினரிடம். வன்னியில் வெள்ளமும் கறையானும் கொண்டுபோன ஆவணங்கள் கொஞ்சமல்ல.

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும். எடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள் பதிந்திருக்கும், அதுவும் அழிந்துபோகும். அனுப்பத்தான் வேண்டுமென்றால் "டொக்கியுமென்ற்" என்ற வழியால் அனுப்புங்கள். எழுத்துப் போடுவது, வட்டம் கீறுவது, பாட்டுச் சேர்ப்பது எல்லாம் பிரதியில்தான். மூலத்தில் கை வைத்தால் அது சான்றாக இருக்கும் தகுதியை இழக்கும். முகநூலில் போடுவதையும் யோசித்துச் செய்யுங்கள். படத்தில் உயிரோடு இருக்கும் வேறொருவரின் முகம் இருக்கலாம்.

சாட்சியம் எடுக்க வருபவரை எப்படி நம்புவது?

நான்கு கேள்வி கேளுங்கள். எந்த அமைப்பு, அதன் பொறுப்பாளர் யார்? இந்தக் கூற்று எங்கே வைக்கப்படும்? யார் யார் பார்க்கலாம்? பிறகு நான் வேண்டாமென்றால் எடுத்துவிடலாமா? இந்த நான்குக்கும் பொறுமையாகப் பதில் சொல்லாதவரிடம் ஒரு வரியும் கொடுக்கத் தேவையில்லை.

சம்மதம் என்பது ஒரே கையெழுத்து அல்ல. "உங்கள் ஆய்வுக்கு மட்டும்", "பெயரில்லாமல் அறிக்கையில் போடலாம்", "பெயரோடு போடலாம்", "வெளிநாட்டு வழக்கு விசாரணைக்குக் கொடுக்கலாம்" என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சம்மதிக்கலாம், மறுக்கலாம். ஆங்கிலத் தாளில் கையெழுத்துக் கேட்டால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரதி உங்களுக்கு வேண்டும்.

நல்ல நேர்காணல் தனியாக நடக்கும். மண்டபத்தில் பத்துப் பேரை வைத்து எடுத்தால் ஒருவர் சொன்னது அடுத்தவரின் ஞாபகத்துக்குள் போய்விடும். பாலியல் வன்முறை பற்றிய சாட்சியத்தைக் குடும்பத்தவர் முன்னால் கேட்பவர் அந்த வேலைக்குத் தகுதியானவரே அல்ல. எழுந்து போகலாம். ஒரே கதையை வருடாவருடம் வேறு வேறு ஆட்களுக்குச் சொல்லி உடைந்துபோன தாய்மார் இருக்கிறார்கள். ஒருமுறை ஒழுங்காகச் சொல்லி, எழுதி, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசியாக முடித்து வைத்தால், அடுத்து வருபவரிடம் அதன் பிரதியைக் கொடுத்து "இதற்கு மேல் கேள்வி இருந்தால் மட்டும் கேளுங்கள்" என்று சொல்லலாம்.

ஐ.நா.வில் இருந்து ஆட்கள் வந்து போன பின் புலனாய்வுக்காரர் வீட்டுக்கு வந்தால்?

இது நடந்த விடயம். 2013 ஓகஸ்டில் அப்போதைய உயர்ஸ்தானிகர் நவநீதம்பிள்ளை வடக்குக்கு வந்தபோது, தன்னைச் சந்தித்தவர்களைப் படையினரும் பொலிஸாரும் விசாரித்ததை அவரே கொழும்பில் பகிரங்கமாகக் கண்டித்தார். ஐ.நா.வோடு ஒத்துழைப்போரைப் பழிவாங்குவது பற்றிச் செயலாளர் நாயகம் ஒவ்வோர் ஆண்டும் அறிக்கை வெளியிடுகிறார். உங்களுக்கு நடந்தது அதில் சேர வேண்டுமென்றால் அன்றே எழுதி வைக்க வேண்டும்: வந்த நேரம், எத்தனை பேர், சொன்ன பெயர், வாகன இலக்கம், கேட்ட கேள்விகள். நீங்கள் சந்தித்த அமைப்புக்கு அன்றைக்கே அறிவியுங்கள்.

வாய்மொழியாக "நாளைக்கு வா" என்றால் எழுத்தில் அழைப்பாணை கேட்கலாம். போக நேர்ந்தால் தனியாகப் போக வேண்டாம். கைது என்றால், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த நிலையத்துக்கு என்று குடும்பத்தவர் கேட்டுக் குறிக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதுகளை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டியது சட்டம். நீங்களும் 1996 க்கு அழையுங்கள், அவர்கள் அறிவிப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. இதைத் தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் அநேகம்.

ஜெனீவாவுக்கு அனுப்பப் பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். இங்கே சொன்ன எந்த அமைப்பும் படிவத்துக்கோ பதிவுக்கோ பணம் வாங்குவதில்லை. தட்டச்சுக் கூலி, போட்டோக்கொப்பிக் காசு வேறு. "உள்ளே ஆள் இருக்கிறது, மகன் இருக்கும் முகாம் தெரியும்" என்று பணம் கேட்பவர் பற்றிப் பொலிஸிலும் ஆணைக்குழுவிலும் முறையிடுங்கள்.

சான்றிதழ் எடுத்தால் கேஸை மூடிவிடுவார்களா?

மரணச் சான்றிதழ் வேறு, ஆள் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழ் வேறு. இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் வந்தது. காணி மாற்றம், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் அலுவல்களுக்காக அதை எடுக்கலாம். தேடலைக் கைவிட்டதாக அது ஆகாது. செயற்குழு இப்படியான சான்றிதழை வைத்து ஒரு சம்பவத்தை மூடுவதென்றால், தொடர விருப்பமில்லை என்று குடும்பம் சுயமாகச் சொல்லியிருக்க வேண்டும். மரணச் சான்றிதழை வற்புறுத்திக் கொடுக்க வந்தால், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. வறுமையால் ஏற்றவரைக் குறை சொல்லவும் வேண்டாம். "தேவைக்காக எடுத்தேன், விசாரணை தொடர வேண்டும்" என்று அன்றே ஒரு கடிதம் எழுதிச் செயற்குழுவுக்கு அனுப்பி வையுங்கள்.

தோண்டும் இடத்தில் எலும்பு கண்டால்?

கை வைக்க வேண்டாம். தோண்டுவதை நிறுத்துங்கள். தூர நின்று படமெடுங்கள், பக்கத்தில் ஒரு அளவுகோலோ பேனையோ தெரியட்டும். கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் சொல்லும் அதே நேரம், ஒரு சட்டத்தரணி மூலம் நீதவானுக்கும் தகவல் போக வேண்டும். அகழ்வு நீதவானின் கட்டளைப்படி நடக்க வேண்டும். கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் இறுதியில் குடிநீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோதுதான் எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவானின் மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 2024 ஜூலைக்குள் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. உடைகளும் தகடுகளும் மண்ணோடு இருந்த இடத்திலேயே பதியப்பட்டதால்தான் அவற்றுக்குப் பெறுமதி. வெளியில் எடுத்துக் கழுவி வைத்த தகடு எந்த உடலோடு இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

காலக் கணிப்பு ஒன்றை மட்டும் நம்பி ஒரு புதைகுழியை முடித்து வைக்க விடக்கூடாது. மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளவில் 300 க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. 2019 இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று சில மாதிரிகளை 15 முதல் 17 ஆம் நூற்றாண்டுக்குரியவை என்றது. மண் படை, உடனிருந்த பொருட்கள், எலும்பிலுள்ள காயங்கள் எல்லாம் சேர்த்துப் பார்க்கும்படி குடும்பங்களின் சட்டத்தரணிகள் கேட்டது இதனால்தான். மினசோட்டா நெறிமுறை என்று அழைக்கப்படும், 2016 இல் புதுப்பிக்கப்பட்ட ஐ.நா. வழிகாட்டியும் அப்படித்தான் சொல்கிறது. குடும்பத்தவரோ அவர்களின் நிபுணரோ பார்வையாளராக நிற்க நீதவானிடம் அனுமதி கேட்கலாம்.

எங்கள் வீட்டில் யாரும் காணாமல் போகவில்லை. நான் எப்படி உதவலாம்?

வன்னியில் மிகவும் தட்டுப்பாடான உதவி, நல்ல தமிழும் ஆங்கிலமும் தெரிந்து, கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கும் ஆள். தாய் "கொண்டுபோட்டாங்கள்" என்றால் "கடத்தப்பட்டார்" என்று மெருகூட்டக் கூடாது. சொன்ன சொல்லுக்கு நேரான சொல்லைப் போட்டுவிட்டு, சந்தேகமென்றால் திரும்பக் கேட்க வேண்டும். கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒரு குடும்பத்தின் கடதாசிகளைக் கால ஒழுங்கில் அடுக்கி, பட்டியலிட்டு, ஸ்கான் செய்து கொடுத்தால், அது பெரிய கூட்டமொன்றில் பேசுவதைவிடப் பயன்படும். நீதிமன்றத் தவணைக்கு வயதான தாயோடு பஸ்ஸில் போய்வருவதும் மனித உரிமைப் பணிதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் (2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம்) பயன்படுத்தலாம். ஆணைக்குழுக்களில் கொடுத்த சாட்சியத்தின் பிரதி, படையினர் வைத்திருக்கும் காணியின் விபரம் போன்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்குப் பின் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வி சின்னதாக, ஒரு ஆவணத்தைக் குறிப்பதாக இருக்க வேண்டும். "ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "இந்தத் திகதிய கடிதத்தின் பிரதி" என்று கேளுங்கள்.

அம்னெஸ்டியின் அவசர நடவடிக்கைக் கடிதங்கள் 1973 முதல் நடைமுறையில் உள்ளன. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் இதில் சேருவது எளிது. கடிதம் ஒரு பக்கத்துக்குள், மரியாதையாக, எழுதுபவரின் சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினால் ஒரு கடிதமாகத்தான் எண்ணுவார்கள். கேட்பது ஒன்றாக இருக்கட்டும்: இன்னாரை எங்கே வைத்திருக்கிறீர்கள், சட்டத்தரணியைப் பார்க்க விடுங்கள். அரசியல் விளக்கத்தைச் சேர்த்தால், படிப்பவர் அதற்கு மறுப்புச் சொல்லிவிட்டு ஆளைப் பற்றிய கேள்வியைத் தாண்டிவிடுவார்.

நிதி கொடுப்பதென்றால், அந்த நாட்டின் தொண்டு அமைப்புப் பதிவேட்டில் பெயரையும் வருடக் கணக்கையும் பார்த்த பின் கொடுங்கள். மே மாதத்தில் மட்டும் தோன்றும் வங்கிக் கணக்குகளுக்கு வேண்டாம்.

அனுப்பி வருடங்களாகிறது. பதில் இல்லை.

செயற்குழு ஆண்டுக்கு மூன்று முறை கூடுகிறது. உலகிலேயே அதிக சம்பவங்கள் நிலுவையிலுள்ள நாடுகளில் இலங்கை ஒன்று. தாமதம் வருகிறது. உங்களுக்குத் தந்த பதிவு இலக்கத்தை மேற்கோள் காட்டி, ஆண்டுக்கு ஒருமுறை புதிய விபரமிருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் "குடும்பம் தொடர்ந்து தேடுகிறது" என்று எழுதுங்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டியது இது: அரசாங்கம் ஒரு ஆளின் கதி பற்றித் திட்டமான பதில் கொடுத்தால், செயற்குழு அதை உங்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும். 6 மாதத்துக்குள் நியாயமான காரணத்தோடு நீங்கள் மறுக்காவிட்டால், தெளிவுபடுத்தப்பட்ட சம்பவம் என்று எடுத்துக்கொள்ளும். முகாமிலிருந்தபோது கொடுத்த முகவரிக்கோ, பழுதான போன் இலக்கத்துக்கோ அந்தக் கடிதம் போனால் குடும்பம் அறியாமலே எல்லாம் முடிந்துவிடும். மீள்குடியேறியவர்கள், வீடு மாறியவர்கள் எல்லாரும் முகவரியைப் புதுப்பித்தே ஆக வேண்டும். படிக்கிற பிள்ளையின் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுங்கள்.

தாய் தகப்பன் இறந்துவிட்டால் கேஸ் என்னாகும்?

ஆளின் கதி தெரியும்வரை சம்பவம் திறந்தேயிருக்கும். ஆனால் தொடர்பாளர் இல்லாமல் போனால் கோப்பு அசையாது. போராட்டப் பந்தலில் இருந்த பல பெற்றோர் பதிலில்லாமலே கண்மூடிவிட்டார்கள். ஆகவே இப்போதே இரண்டாவது தொடர்பாளராகச் சகோதரம், பேரப்பிள்ளை யாரையாவது எழுத்தில் அறிவியுங்கள். இறப்பு நடந்தால் அவர் மரணச் சான்றிதழின் பிரதியோடு தான் தொடர்வதாக எழுதலாம்.

பெற்றோர் இருக்கும்போதே கேட்டு எழுதவேண்டிய விபரம் இன்னொன்று உண்டு. உயரம், எந்தப் பல் விழுந்தது அல்லது அடைத்தது, சின்ன வயதில் எந்தக் கை முறிந்தது, ஷெல் துண்டு உடம்பில் எங்கே இருந்தது, கடைசியாக உடுத்திருந்த உடுப்பு, அரைஞாண், சங்கிலி, செருப்பின் அளவு. எச்சங்களை ஒப்பிடும்போது இவையே முதலில் கேட்கப்படும். மரபணு ஒப்பீட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் மாதிரி மிகப் பலமானது. சகோதரங்களின் மாதிரி அதற்கு அடுத்ததுதான், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவர் வேண்டிவரும். மாதிரி கொடுக்கும்போது அது எங்கே வைக்கப்படும், வேறு எதற்கும் பாவிக்கப்படுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகப்பன் ஏற்கெனவே இறந்துவிட்டார், தாய்க்கு வயதாகிவிட்டது என்றால், இந்த அலுவலை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போட வேண்டாம்.